பூசணிக்காயோடு வந்த பெட்டி

அக்டோபர் 7, ஞாயிறு

பூசணிக்காய் வாங்கப் போய் இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கோயிலில் இன்று அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் காணிக்கைப் பொருள்களைப் பந்தலில் பரப்பி ஏலம் விட்டார்கள். உபதேசியார் தங்கையா ஏலம் கூறினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், சேவலுக்குக்கூட வம்சாவளி சொல்லுவார். எனக்கு ஒரு பூசணிக்காய் மேல் கண். ஏழு கிலோ இருக்கும், அப்படி ஒரு சிவப்பு. பக்கத்து வீட்டு ரோஸ்லின் டீச்சர் நூறு என்றார். நான் நூற்றைம்பது. அவர் இருநூறு. பூசணிக்காய்க்கு இது அநியாயம் என்று மனசு சொன்னது. ஆனால் டீச்சர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் முந்நூற்று நாற்பது வரை போய்விட்டேன்.

"பெட்டியோட சேத்து முந்நூத்தி நாப்பது! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! செல்லக்கனியக்காவுக்கு!"

"எந்தப் பெட்டி?" என்றேன்.

"எக்கா, பூசணிக்கா எது மேல ஒக்காந்துருக்கு? தேங்கா சாக்கோட போச்சு, கோழி கூடையோட போச்சு. பூசணி பெட்டியோடதான் போகும்."

பந்தலே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் பெட்டிக்குல்லா கேட்டேன்! பூசணிக்காய்க்கு எவ முந்நூறு குடுப்பா?" என்றார்.

ஆண்டவருக்கு என்று வைத்த பொருளுக்குக் கை தூக்கிவிட்டுப் பின்வாங்குவது எங்கள் சபையில் கிடையாது. இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். யார் கொடுத்த பெட்டி என்று உபதேசியாருக்கும் தெரியவில்லை. விடியற்காலையில் யாரோ கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வீட்டில் இறக்கியபோது உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர் குரல்.

"என்னட்டி சத்தம்?"

"பூசணிக்கா."

"பூசணிக்காயா டங்குன்னு கேக்கு?"

இந்த நோட்டில் இடப்பக்கம் கணக்கு, வலப்பக்கம் அன்றன்றைய காரியம் என்று பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன். இன்று இடப்பக்கத்தில் பூசணிக்காய் நாற்பது, பெட்டி முந்நூறு என்று பிரித்துப் போட்டேன். மனசாட்சிக்கு அதுதான் சரி.

அக்டோபர் 9

பெட்டியைத் திறந்தேன். பூட்டு துருவேறிக் கிடந்தது. அம்மிக் குழவியால் இரண்டு போடு போட்டதும் விட்டுவிட்டது.

உள்ளே முழுக்கப் பட்டறைச் சாமான். ஸ்பானர்கள் ஆறு முதல் இருபத்திரண்டு வரை, நடுவில் பதினான்கைக் காணோம். இரண்டு சுத்தியல், மூன்று குறடு, ஒரு அரம், பல் போன ரம்பம், கையால் சுற்றுகிற துளைபோடும் கருவி, நடுவில் குமிழி ஓடுகிற ரசமட்டம், எண்ணெயில் ஊறின ஒரு சாக்குத்துணி. அப்புறம் ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் ஒடுங்கின, வளைந்த பித்தளைக் குழல் ஒன்று. அது எதற்கென்று தெரியவில்லை. எண்ணெய் ஊற்ற ஆகும் என்று அடுப்படியில் வைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாகக் காயவைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படித்தது எல்லாம் மருந்துச் சீட்டிலும் பஸ் போர்டிலும்தான். ஸ்பானரில் பொறித்திருந்ததைப் படிக்கப் படிக்க ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்து நிற்கிறதுபோல் இருந்தது. மத்தியானச் சாப்பாடு அரை மணி தாமதம்.

அக்டோபர் 10

அடுப்படிக் குழாய் ஒழுகுவது நின்றது! நிறுத்தியது நான்!

ஆறு மாதமாக அதற்குக் கீழே கிண்ணம் வைத்திருந்தேன். பத்தொன்பதாம் நம்பர் போட்டுச் சுற்றினேன், திரும்பவில்லை. கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எதிர்ப்பக்கம் சுற்றினேன், திரும்பியது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் பப்படம்போல் உடைந்திருந்தது. இவருடைய பழைய செருப்பிலிருந்து வட்டமாக ஒன்று வெட்டிப் போட்டேன்.

வெட்டின பிறகுதான் பார்த்தேன். வலது கால் செருப்பு.

பரவாயில்லை. குழாய் சொட்டவில்லை.

அக்டோபர் 13

குக்கர் கைப்பிடி. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள். மிக்சியின் அடிக்கட்டை. தையல் மிஷினின் மிதிபலகை, அதற்கு அரம் போட்டேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

இனி வீட்டில் ஆடுகிறது எதுவும் இல்லை. அதுதான் இன்றைக்கு வருத்தம். ரோஸ்லின் டீச்சர் வீட்டு கேட் கிறீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன், அதற்குப் பன்னிரண்டாம் நம்பர் போதும். ஒரு ஸ்பானரைக் கையில் பிடிப்பதில் இத்தனை சந்தோஷம் வரலாமா என்று ஜெபத்தில் கேட்டேன். கூடாது என்று மனதில் எதுவும் தோன்றவில்லை.

இவர் உள்ளேயிருந்து, "ஏட்டி, வீட்டுக்குள்ள டெப்போ வச்சிருக்கியா?" என்றார். இவர் அரசு பஸ்ஸில் இருபத்தொன்பது வருஷம் டிரைவர். சுத்தியல் சத்தத்தை வைத்தே நான் தப்பாக அடிக்கிறேன் என்று தெரிந்திருக்கும். ஆனால் வந்து பார்க்கவில்லை. ஜூனில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் இவர் உள்ளறையை விட்டு வருவதில்லை. சாப்பாடு, ஜெபம், எல்லாம் கட்டிலில்தான்.

அக்டோபர் 21, ஞாயிறு

மகள் பியூலா போன் செய்தாள். அவள் கல்யாணம் டிசம்பர் 27, வியாழக்கிழமை என்று மாப்பிள்ளை வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அவள் சென்னையில் நர்ஸ் வேலைக்குப் போய் நாலு வருஷம். இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை, இன்று ஒன்று கேட்டாள்.

"யம்மா, கோயிலுக்குள்ள என்னைய யாரு கூட்டிட்டுப் போவா?"

"அப்பாதான்" என்றேன்.

"அப்பா ஆசீர் சித்தப்பாட்ட என்னையக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. சித்தப்பா கோட்டுக்கு அளவு குடுத்தாச்சாம்."

எனக்கு இது தெரியாது. சென்னையிலிருக்கும் என் கொழுந்தனுக்குத் தெரிந்திருக்கிறது, தையற்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே போய்க் கேட்டேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அத்தன பேரு முன்னால என்னைய உருட்டிட்டுப் போகப் போறியா? தூக்கி வச்ச சாமான் மாதிரி? ஆசீரு போவான். பேச்ச விடு."

சர்க்கரை வியாதியில் இவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாலரை மாதமாகிறது. இந்த நோட்டில் அதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். புண் முழுக்க ஆறி, கட்டைக்கால் பொருத்த பிப்ரவரி ஆகும் என்கிறார் டாக்டர்.

வெங்காயம் நிறைய நறுக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 22

பீரோவுக்குப் பின்னால் மடித்து வைத்த சக்கர நாற்காலியை இழுத்தேன். சபையில் ஒருவர் தன் தகப்பனார் போன பிறகு கொடுத்தது. ஜூலையில் ஒரே ஒரு தடவை இவர் அதில் உட்கார்ந்தார். மூன்றடி போவதற்குள் சுவரில் முட்டியது. "சவத்த எடு" என்றார். அன்றோடு சரி.

நான் அதைப் பின்கட்டில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். முன்னால் இரண்டு சின்னச் சக்கரம். இடது சக்கரம் கையால் சுற்றினால் ஓடவில்லை, அழுதது. பதிமூன்றாம் நம்பரில் கழற்றினேன். உள்ளே பெயரிங் பொடியாக உதிர்ந்தது. குண்டுமணிபோல் இருக்க வேண்டியது கருவாட்டு முள்போல் கிடந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியிடம் குறை இருக்கிறது! இவரிடம் இல்லை!

அக்டோபர் 24

மேலப்பாளையத்தில் மைதீன் பாய் பழைய இரும்புக்கடைக்குப் போனேன். பெண்பிள்ளை யாரும் அங்கே இல்லை. உடைந்த பெயரிங்கைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன்.

"வீட்ல ஆம்பள யாரும் வரலியாம்மா?"

"நாந்தான் மெக்கானிக்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

பாய் மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். "அப்ப நீங்களே தேடிக்கோங்க, மெக்கானிக்கம்மா. ஓட்டையையும் அளக்கணும், வெளிவட்டத்தையும் அளக்கணும். மாறிப்போச்சுன்னா திருப்பி எடுக்க மாட்டேன்."

ஒரு மணி நேரம் தேடினேன். ஜோடி நாற்பது ரூபாய். கூட ஒரு டப்பா கிரீஸ். சாயங்காலம் பொருத்தி, நாற்காலியை இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பிறகு சோறு வடிக்கப் போனேன்.

அக்டோபர் 27

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தேன். கிரீஸ் அதிகமாக அப்பிவிட்டேன் போலிருக்கிறது. தரையில் இரண்டு மெல்லிய கறுப்புக் கோடுகள். கட்டிலிலிருந்து அடுப்படி வரை, அடுப்படியிலிருந்து சாப்பாட்டு மேசை வரை, திரும்பவும் கட்டில் வரை.

இவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நான் தரையைத் துடைக்கவில்லை. துடைக்க மனசு வரவில்லை.

இதை எழுத நோட்டைத் திறந்தால், நேற்றைய கணக்குக்குக் கீழே நீலப் பென்சிலில் இவர் கையெழுத்து:

வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. — ஓட்டுநர்.

அக்டோபர் 28, ஞாயிறு

டெப்போவில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் வண்டியை விட்டு இறங்கும்போது, அன்றைக்குக் கண்ட குறையை ஒரு புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார். பிரேக் தளர்வு, லைட் எரியவில்லை என்று ஒரு வரி. மெக்கானிக் சரிசெய்து கீழே கையெழுத்துப் போடுவார். மறுநாள் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார். ஒரு மெக்கானிக்கோடு பதினோரு வருஷம் இப்படியே பேசினதாக இவர் ஒருமுறை சொன்னார். நேரில் பார்த்தது, அவர் ஓய்வுபெற்ற நாளில் மாலை போட்டபோதுதானாம்.

நான் காலை ஆராதனைக்குப் போவதற்கு முன் இடது முன் அச்சைக் கழற்றி அரம் போட்டு நேராக்கினேன். கீழே எழுதினேன்:

சரிசெய்யப்பட்டது. — மெக்கானிக்.

வாயால் பேசியது எல்லாம் இட்லிக்குச் சட்னி போதுமா என்பதுதான்.

நவம்பர் 2

வலது பிரேக் பிடிக்கவில்லை. — ஓட்டுநர்.

சரிசெய்யப்பட்டது. கட்டைக்குச் செருப்பு ரப்பர் வைத்திருக்கிறது. — மெக்கானிக்.

நவம்பர் 5

அடுப்படி நிலைப்படியில் வண்டி ஏறவில்லை. பாதை பழுது. — ஓட்டுநர்.

பாதை பழுது நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. — மெக்கானிக்.

நெடுஞ்சாலைத் துறையும் மெக்கானிக்கும் ஒரே ஆள் என்று டெப்போவில் பேச்சு. — ஓட்டுநர்.

இதைப் படித்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். நிலைப்படிக்கு ஒரு சரிவுக்கட்டை இழைத்துப் போட்டாயிற்று. இவர் அடுப்படிக்கு வந்து, தானாகக் காப்பி கலந்து குடித்தார். சர்க்கரை போடாமல்தான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 11, ஞாயிறு

அடுத்து வாசல். இரண்டு படி, ஒரு அடி உயரம். பழைய கட்டிலின் பலகையை எடுத்து நாலடி நீளத்தில் சாய்வாக வைத்தேன். ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் சமம் பார்த்தேன். நாற்காலியை நானே தள்ளி இறக்கினேன், ஏற்றினேன், மூன்று முறை. எழுதினேன்:

வாசல் பாதை தயார். சோதனை ஓட்டம் முடிந்தது. — மெக்கானிக்.

நவம்பர் 13

பலகை முறிந்துவிட்டது. இவரும் வண்டியும் வாசலில் விழுந்தார்கள். முழங்கையில் சிராய்ப்பு, கடவுள் கிருபையால் தையல் போட்ட இடத்தில் அடியில்லை. ரோஸ்லின் டீச்சர் ஓடிவந்து தூக்கினார். தெருவில் நாலைந்து பேர் பார்த்தார்கள். இவருக்கு அதுதான் வலி.

"திருப்தியாட்டி?" என்றார்.

நவம்பர் 14

ஒன்றுமில்லை.

நவம்பர் 18, ஞாயிறு

பெட்டியை மூடி மேலே பூசணிக்காயை வைத்துவிட்டேன். கோயிலில் பாடும்போது குரல் வரவில்லை, தொண்டை கட்டு. ஆசீர் போன் செய்து, "மைனி, கோட்டு வந்துட்டு, சாம்பல் கலரு, அண்ணன்ட்ட சொல்லிருங்க" என்றான். நல்ல பிள்ளை. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நாற்காலி பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

நவம்பர் 25, ஞாயிறு

அரிசி மூன்று மூட்டை வந்தது, கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்திக்கு. வேறு விசேஷம் இல்லை.

டிசம்பர் 2, ஞாயிறு

கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். "வேதமாணிக்கம், செல்லக்கனி இவர்களின் குமாரத்தி பியூலா" என்று குருவானவர் அறிவித்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து இடம் காலி. நான் பையை அங்கே வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம், "ஓலை வாசிச்சாச்சு" என்றேன்.

"எம் பேரச் சொன்னாங்களா?"

"சொல்லாம?"

"முழுப்பேரா?"

"முழுப்பேரு."



டிசம்பர் 3

காலையில் பால் கணக்கு எழுத நோட்டை எடுத்தேன். தரையில் கறுப்புக் கோடு இல்லை. நாற்காலியும் பீரோவுக்குப் பின்னால்தான் இருந்தது. அப்படியானால் இவர் சுவரைப் பிடித்து, ஒற்றைக் காலில் மேசை வரை வந்திருக்க வேண்டும். விழுந்து இருபது நாளைக்குப் பிறகு நீலப் பென்சில்:

13.11 விபத்து விசாரணை. ஓட்டுநர் மீது தவறில்லை. மெக்கானிக் சோதனை ஓட்டத்தை லோடு இல்லாமல் செய்திருக்கிறார். காலி வண்டி எந்தப் பாலத்திலும் போகும். ஓட்டுநரின் எடை எண்பத்திரண்டு கிலோ. நாலடி சரிவு போதாது, எட்டடி வேண்டும். மரம் வேண்டாம். — ஓட்டுநர்.

கீழே இன்னொரு வரி, கொஞ்சம் கோணலாக:

கெட்ட வார்த்தை பேசியதற்கு வருந்துகிறேன்.

இவர் பேசியது கெட்ட வார்த்தையே இல்லை. நான் நோட்டை மூடிவிட்டு, பூசணிக்காயை இறக்கி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பால் பொங்கி வழிந்தது. வழியட்டும்.

டிசம்பர் 4

மைதீன் பாய் கடை. "மெக்கானிக்கம்மா, பெயரிங் ஓடுதா?" என்று கேட்டார். வாய்க்கால்போல் குழிந்த இரும்புச் சட்டம் இரண்டு, எட்டடி நீளம். எங்கேயோ ஷட்டர் போட்டுக் கழற்றினது. நாற்காலிச் சக்கரத்தை அளந்து கொண்டுபோன குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தேன், அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. பாய் எடைக்குத்தான் விலை போட்டார். "எதுக்கு?" என்றார். சொன்னேன். காது வைத்த நட்டு பன்னிரண்டு, கையாலேயே கழற்றலாம், மாட்டலாம். சும்மா கொடுத்தார்.

டிசம்பர் 6

இரண்டு சட்டமும் விலகாமல் இருக்கக் குறுக்கே மூன்று பட்டை. அதற்குப் பன்னிரண்டு துளை. கைக் கருவியைச் சுற்றிச் சுற்றி முதல் துளைக்கு முக்கால் மணி நேரம். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. இரண்டாவது துளையில் இரும்பு கீச்சென்று கத்தியது.

"ஏட்டி! ஒரு சொட்டு எண்ணெ விடேன்! அது தொண்ட காஞ்சி கத்துது!"

நோட்டில் இல்லை, வாயால். வாசல்வரை வந்து நிலைப்படியில் நாற்காலியை நிறுத்தியிருந்தார். நாற்காலியைத் தானே பீரோவுக்குப் பின்னாலிருந்து இழுத்திருக்கிறார்.

நான் அடுப்படிக்கு ஓடி, எண்ணெயையும் பித்தளைக் குழலையும் எடுத்து வந்து, குழல் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இவர் அந்தக் குழலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஊத்து, ஊத்து."

ஜூனுக்குப் பிறகு இவர் சிரித்தது இதுதான். காரணம் என்னவென்று இன்னும் சொல்லவில்லை. மீதிப் பத்துத் துளையில் ஆறை இவரே மடியில் வைத்துச் சுற்றினார்.

டிசம்பர் 8

லோடு சோதனை. மூன்று அரிசி மூட்டை, ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. மீதி ஏழு கிலோவுக்கு என்ன செய்வது என்று யோசித்தேன், பூசணிக்காய் இருந்தது. எல்லாவற்றையும் நாற்காலியில் அடுக்கிச் சேலையால் கட்டினேன். உச்சியில் பூசணிக்காய், தலைபோல். சரியாக எண்பத்திரண்டு.

வாசலில் இறக்கினேன். சட்டம் அசையவில்லை! தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினேன்.

ரோஸ்லின் டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "செல்லக்கனி, யார இது கூட்டிட்டுப் போற?"

"எங்க வீட்டுக்காரரு எடைதான்."

"அவரவிட இது லெச்சணமா இருக்கே!"

"டீச்சரே, எல்லாம் காதுல விழுது!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

டிசம்பர் 9, ஞாயிறு

இரண்டாம் ஓலை. சாயங்காலம் இவர் தெருவில் இறங்கினார். பிரேக்கை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார், கண்ணாடி இல்லாத இடத்தில் கண்ணாடி பார்க்கிறதுபோல் தலையைத் திருப்பினார், பிறகு விட்டார். நான் பின்னால் தொடவேயில்லை. தொடக்கூடாது என்று கட்டளை. தெருமுனை டீக்கடை வரை போய், அங்கே நின்ற நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தார்.

டிசம்பர் 11

ஆசீர் போன். ஸ்பீக்கரில் இருந்தது, நான் ஒட்டுக்கேட்கவில்லை.

"அண்ணாச்சி, கோட்டு பிரமாதமா இருக்கு."

"போட்டுட்டு வா. எனக்குப் பின்னால நடந்து வா."

"பின்னாலயா? அப்ப முன்னால..."

"முன்னால டிரைவர் போவான்ல? என்னல கேள்வி இது?"

அந்தப் பக்கம் ஆசீர் மூக்கை உறிஞ்சினான். சென்னையில் பனி போலிருக்கிறது.

டிசம்பர் 16, ஞாயிறு

மூன்றாம் ஓலை. ஆராதனை முடிந்ததும் கோயில் வாசற்படியை அளந்தேன். இரண்டு படி, நம் வீட்டைவிட அரை அங்குலம் கூட. உபதேசியார் வந்தார்.

"எக்கா, இங்க இரும்பு வைக்கணும்னா கமிட்டியில கேக்கணும்."

"பூசணி பெட்டியோடதான் போகும்னு சொன்னது யாரு? இந்தக் கோயில்ல எடுத்த பெட்டிதான் இந்த இரும்பப் பூட்டுனது."

அவர் தாடையைச் சொறிந்தார். "அப்ப கமிட்டிக்கு நான் அப்புறமா சொல்லிக்கிடுதேன். தரைக்குக் கீறல் விழாம ஒரு சாக்கு விரிங்க."

டிசம்பர் 25

கிறிஸ்மஸ். பியூலா வந்திருக்கிறாள். தன் அப்பா நாற்காலியில் வந்து கதவைத் திறந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாள். பிறகு கட்டிக்கொண்டாள். "அப்பா, ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "லைசென்ஸ் இருக்கு" என்றார்.

நாற்காலியின் எல்லா நட்டையும் ஒருமுறை முறுக்கினேன். வேலை ஏராளம், விவரமாக எழுத நேரமில்லை.

டிசம்பர் 26

பந்திக்குப் பூசணிக்காயை வெட்டினோம். உள்ளே கெட்டுப்போகாமல் மஞ்சளாக இருந்தது. டீச்சர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "முந்நூத்தி நாப்பது ரூவா பூசணிக்கா, பின்ன?" என்றார்.

டிசம்பர் 27, வியாழன்

காலையில் ஆட்டோவின் மேலே சட்டங்களைக் கட்டிக்கொண்டு முன்னதாகவே போய், பட்டுச் சேலையோடு முட்டிபோட்டு நட்டு முடுக்கினேன். பிறகு கை கழுவிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கைப்பையில் கைக்குட்டைக்குப் பக்கத்தில் பதிமூன்றாம் நம்பர் இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. வாசலில் இவர், வெள்ளைச் சட்டை. தோளில் பியூலாவின் கை. இரண்டு படியையும் அந்த இரும்பு வாய்க்காலில் ஏறி உள்ளே வந்தார்கள். பியூலா இலேசாகத்தான் தள்ளினாள், அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பாதி வழியில் நின்றுவிட்டது. நடுவில் விரித்திருந்த சிவப்புக் கம்பளம் முன்சக்கரத்தில் சுருண்டு மாட்டிக்கொண்டது. என் கை பைக்குள் போய்விட்டது. ஆசீர் பின்னாலிருந்து ஓரடி முன்னால் வந்தான்.

இவர் கையை மட்டும் உயர்த்தினார். ஆசீர் நின்றான். திரும்பிப் பார்த்து, ஒரு முழம் பின்னால் எடுத்தார். சக்கரத்தை நேர் பண்ணினார். கம்பளம் விழுந்து படிந்தது. மறுபடி முன்னால் விட்டார். சந்தையில், திருவிழாக் கூட்டத்தில், பஸ்ஸில் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு எத்தனை தடவை செய்திருப்பார். பாட்டு ஒரு அடி கூடுதலாகப் போனது, அவ்வளவுதான்.

இடப்பக்கம் இழுக்கவில்லை. அச்சு நேராக வந்தது, நேராக, பீடம் வரைக்கும்.

பாடும்போது இன்று எனக்குக் குரல் இருந்தது. பக்கத்து இடத்தில் வைத்திருந்த பையை எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 28

விருந்தாளிகள் போனார்கள். கல்யாணக் கணக்கு முடிக்க உட்கார்ந்தால், வலப்பக்கம் முழுக்க நீலப் பென்சில்.

27.12. தடம்: வீடு – கோயில் – வீடு. பயணி: மணப்பெண் ஒருவர், நின்றுகொண்டு. நேரம் தவறவில்லை. பிரேக் நன்று. இழுவை இல்லை. இருபத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு வண்டி கையில் கிடைத்ததில்லை.

குறை ஒன்று உண்டு. வண்டியில் ஹாரன் இல்லை. அது இரண்டரை மாதமாக அடுப்படியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறது. — ஓட்டுநர்.

ஓடிப்போய்க் குழலை எடுத்துப் பார்த்தேன். அகன்ற வாய், வளைந்த கழுத்து. பழைய லாரிகளில் ரப்பர் பந்தை வைத்துப் பாம் பாம் என்று அமுக்குவார்களே! அன்றைக்கு இவர் சிரித்தது இதற்குத்தானா! வாயில் வைத்து ஊதினேன். சத்தம் வரவில்லை, நல்லெண்ணெய் வந்தது.

"ஏட்டி, கேக்கலியே!" என்றார் உள்ளேயிருந்து.

சாம்பல் போட்டு விளக்கி வெயிலில் வைத்திருக்கிறேன், கண்ணைப் பறிக்கிறது. ரப்பர் பந்துக்கு மைதீன் பாய் கடைக்கு இப்போதே கிளம்புகிறேன். இவரும் வருகிறாராம்.